இன்க்ஸ்கேப் ஊர்கிறது, டிவியும் தெரியவில்லை: லேப்டாப்பை மாற்றத்தான் வேண்டுமா?

சேர்மாதேவி அச்சுக்கடை
வெள்ளி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். சேர்மாதேவியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, அப்புறம் கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ். மேட்டர் அடித்து, பக்கம் அமைத்து, பிடிஎஃப் ஆக்கி திருநெல்வேலியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடுவேன். ஒரு வருஷமாக லினக்ஸ்தான். மின்ட் 22 என்ற வகை, திரைத் தோற்றத்துக்குச் சினமன். லேப்டாப் செகண்ட்ஸில் வாங்கியது. இன்டெல் ஐ5, நாலாவது தலைமுறை, 4 ஜிபி ராம். எஸ்எஸ்டி மட்டும் புதிதாகப் போட்டேன்.

பிரச்சினை இதுதான். எதைத் தொட்டாலும் மெதுவு. ஜன்னலைப் பிடித்து இழுத்தால் விட்டு விட்டு வருகிறது. நான் பக்கம் வரைகிற இன்க்ஸ்கேப் மென்பொருளில் ஒரு பெயரைப் பெரிதாக்கிப் பார்க்க மவுஸ் உருளையை உருட்டினால், நான் கையை எடுத்த பிறகும் அது பாட்டுக்குப் படிப்படியாக நகர்ந்து, நான் பார்க்க நினைத்த பெயரைத் தாண்டி மூன்று வரி தள்ளிப் போய் நிற்கிறது. ஃபேன் சத்தத்தைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் ரைஸ் மில் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். இப்போது ஒரு சுடலைமாடசாமி கோயில் கொடை நோட்டீஸ் கையில் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை கால்நாட்டு. அதற்கு முன்னால் நோட்டீஸ் அவர்கள் கையில் இருக்க வேண்டும். குடியழைப்பு, மதியக் கொடை, சாமக்கொடை என்று நிகழ்ச்சி நிரல் ஒரு பக்கம். அதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். வரிதாரர், அதாவது கொடைக்கு வரி கொடுக்கிறவர்கள், பெயர் மட்டும் 164. பெயரில் எழுத்துப் பிழை வந்தால் கமிட்டிக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வரிசை மாறினால் கொடையே நின்றுவிடும். இதுவரை நாலு தடவை வரிசை மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 164 பெயரையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் மகன் ராம் போதாது என்கிறான். தெரிந்த ஒருவர் கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும், லேப்டாப்பையே மாற்றிவிடுங்கள் என்கிறார். விண்டோஸில் டிரைவர் இறக்கிப் போடுவோமே, அது மாதிரி இதற்கும் ஏதாவது உண்டா என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் வேலை செய்யவில்லை. சுவரில் ஒரு பழைய டிவி மாட்டியிருக்கிறேன், ப்ரூஃப் காட்ட; ஹெச்டிஎம்ஐ செருகினால் அதிலும் ஒன்றும் வரவில்லை. கேபிள் போய்விட்டது என்று 280 ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன், அதுவும் அப்படித்தான். அதனால் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் என் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்க்கிறார்கள். வெற்றிலை வாசம் தாங்கவில்லை.

கட்டளை ஏதும் சொல்வதாக இருந்தால் உச்சரிப்பைத் தமிழில் எழுதுங்கள். நான் போனில் வாசிக்க, மகன் அடிப்பான்.


அம்பை டூ பெங்களூர்
வெள்ளி, இரவு 10:05

அண்ணாச்சி, 4 ஜிபியில் சினமன் ஓட்டுவதே பாவம். இன்னொரு 4 ஜிபி ராம் போடுங்கள், சினமனுக்குப் பதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறுங்கள். கையோடு இன்டெல் தளத்தில் லினக்ஸ் டிரைவரையும் இறக்கிப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்தது.


குறிச்சி டெபியன்
வெள்ளி, இரவு 10:30

தம்பி, ராம் கூட்டுவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ராம் பற்றாக்குறைக்கும் டிவி தெரியாமல் போவதற்கும் என்ன உறவு? கேட்டவர் சில்லறை விஷயம் என்று கடைசியில் தள்ளிவிட்ட இரண்டும்தான் எனக்கு உறுத்துகிறது.

டிரைவர் இறக்குவதையும் மறந்துவிடுங்கள். இன்டெல் சிப்புக்கு லினக்ஸில் தனியாக இறக்குவதற்கு ஒன்றும் கிடையாது. பாதி லினக்ஸின் உள்மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, பெயர் ஐ915. மீதிப் பாதி, படம் வரைகிற மெசா என்ற மென்பொருள் தொகுப்பு. 1993-இல் பிரையன் பால் ஆரம்பித்த வேலை அது, இன்றைக்கு ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் கூடவே வருகிறது. மின்ட் போட்டபோதே இரண்டும் வந்து உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்த டிரைவர் ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

சேர்மாதேவி, இரண்டு காரியம் செய்யுங்கள். உச்சரிப்பைத் தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லுங்கள். டெர்மினலைத் திறந்து இன்க்ஸி என்று அடித்து, ஓர் இடைவெளி, ஹைஃபன், பெரிய ஜி. எண்டர். வருவதில் டிரைவர் என்று எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, ரெண்டரர் என்ற சொல்லுக்கு எதிரே என்ன இருக்கிறது, இது மட்டும் போதும். அடுத்தது, கேட் என்று அடித்து, இடைவெளி, சாய்கோடு, புராக், சாய்கோடு, சிஎம்டிலைன். அதில் வருவதை முழுதாக எழுதுங்கள்.

இன்னொன்று. லாகின் ஆனவுடன் மூலையில் அறிவிப்பு ஏதாவது வந்து போகிறதா?


சேர்மாதேவி அச்சுக்கடை
சனி, காலை 7:15

முதலில் ஒரு திருத்தம். அண்ணாச்சி இல்லை, அக்கா. கடைப் பெயரைப் பார்த்து எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மகன் அடித்தான். டிரைவருக்கு எதிரே என்/ஏ என்று இருக்கிறது. ரெண்டரருக்கு எதிரே எல்எல்விஎம்பைப். இரண்டாவது கட்டளையில் ஒரு நீளமான வரி, நடுவில் எண்ணும் எழுத்துமாகக் குழப்படி, கடைசியில் மூன்று சொல்: குவையட், ஸ்பிளாஷ், நோமோட்செட்.

மூலையில் அறிவிப்பு வருகிறதுதான். ஒரு வருஷமாக வருகிறது. ஏதோ ஹார்டுவேர், வீடியோ, சிபியு என்று ஆங்கிலத்தில் இருக்கும். விளம்பரம் என்று நினைத்து மகன் மூடிவிடுவான். இப்போது கேட்டதற்கு, "நான் வாசிச்சதே இல்லயே" என்கிறான்.


குறிச்சி டெபியன்
சனி, காலை 8:20

அகப்பட்டுவிட்டது அக்கா. லேப்டாப்புக்கும் ஒன்றும் இல்லை, கேபிளுக்கும் ஒன்றும் இல்லை. அந்தக் கடைசிச் சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

திரையை எந்த அளவில், எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதைக் கெர்னலே பார்த்துக்கொள்ளும் முறைக்கு மோட் செட்டிங் என்று பெயர். இன்டெல் சிப்புகளுக்கு இது 2009-இல் கெர்னல் 2.6.29-இல் வந்தது. நோமோட்செட் என்றால் அந்த வேலையைச் செய்யாதே என்று கெர்னலிடம் சொல்கிறோம். சொன்ன உடனே ஐ915 டிரைவர் வாசலோடு நின்றுவிடும். மெஷின் ஏற்றும்போது பயோஸ் கொடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்றும். அதனால்தான் திரை பார்க்க ஒழுங்காக இருக்கிறது, உங்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

டிரைவர் உள்ளே வராததால் டிவி கேபிள் செருகும் துளையைப் பற்றி யாருக்கும் தெரியாது. வெளிச்சத்தைக் கூட்டுகிற ஆளும் அந்த டிரைவர்தான், அவர் உள்ளே இல்லை. அப்புறம் ஜன்னல் நிழல், அசைவு, ஒளிபுகும் பட்டை என்று சினமன் கேட்பதையெல்லாம் யார் வரைவது? எல்எல்விஎம்பைப் என்பது மெசாவோடு வருகிற மாற்று ஆள். கிராபிக்ஸ் சிப் செய்ய வேண்டியதைப் பொதுச் செயலியான சிபியுவை வைத்தே செய்துகாட்டும். வில்லுப்பாட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டுப் பூசாரியையே வில்லடிக்கவும் சொன்னது மாதிரி. பூசாரியும் அடிப்பார். ஆனால் பூஜை எப்போது நடக்கும்? ஃபேன் ரைஸ் மில்லாக ஓடுவது இதனால்தான். மூலையில் வந்த அறிவிப்பும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு வருஷமாக.

நோமோட்செட் கெட்ட சொல் இல்லை. இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுத்துப்போனால் தற்காலிகமாகப் போட்டு உள்ளே நுழைவதற்கு உள்ளது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். யாரோ எடுக்கவில்லை.

உடனே கோப்பைத் திருத்தாதீர்கள். முதலில் ஒரு தடவைக்கு மட்டும் எடுத்துப் பார்ப்போம். மெஷினை ஏற்றி, கம்பெனி அடையாளம் வந்ததும் எஸ்கேப் பொத்தானை ஒரே ஒரு தட்டு. பதறிப்போய்த் தொடர்ந்து தட்டினால் வேறு எங்கோ கொண்டுபோய் விடும். கிரப் என்ற துவக்கப் பட்டியல் வரும். முதல் வரியில் நின்று ஈ என்ற எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று ஆரம்பிக்கிற வரியின் கடைசியில் நோமோட்செட் இருக்கும். அதை மட்டும் அழித்துவிட்டு எஃப்10. இது நிரந்தரம் இல்லை. எதுவும் கோளாறானால் அணைத்து ஏற்றுங்கள், பழையபடி வந்துவிடும்.


சேர்மாதேவி அச்சுக்கடை
சனி, காலை 10:50

போனில் இருந்து எழுதுகிறேன். சொன்னபடியே செய்தோம். மின்ட் அடையாளம் ஒரு நொடி வந்தது, அப்புறம் திரை முழுக்கக் கறுப்பு. பத்து நிமிஷம் பார்த்துவிட்டேன். ஆனால் லாகின் சத்தம் கேட்கிறது!

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. போன வருஷம் பென் டிரைவில் மின்ட் போடும்போதும் இதே கறுப்புதான். இன்ஜினியரிங் படிக்கிற என் அக்கா மகன் போனில் சொல்லச் சொல்ல நானேதான் அந்தச் சொல்லைச் சேர்த்தேன். போட்டு முடித்த பிறகும் கறுப்பாக வந்தது என்று கோப்பிலும் எழுதிவைத்தோம். அந்த "யாரோ" நான்தான்.

அணைத்து ஏற்றினேன், பழையபடி வந்துவிட்டது. ஆனால் பதினொரு மணிக்குக் கமிட்டி வருகிறது. என்ன செய்யட்டும்?


வண்ணார்பேட்டை சர்வீஸ்
சனி, காலை 11:10

நான் மென்பொருள் ஆள் இல்லை. லேப்டாப் பழுது பார்க்கிறவன். சத்தம் கேட்கிறது, படம் மட்டும் இல்லை என்றால் எங்கள் மேஜையில் முதலில் எடுக்கிற கருவி டார்ச்தான்.

மறுபடியும் அதே மாதிரி கறுப்புக்குக் கொண்டுவாருங்கள். கடையில் விளக்கை அணையுங்கள். போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருக்கிற வெளிச்சம்தான் எரியவில்லை என்று அர்த்தம். எல்சிடிக்குத் தானாக ஒளி கிடையாது. தெரிந்தால், வெளிச்சம் கூட்டுகிற பொத்தானை எஃப்என் சேர்த்து ஏழெட்டு தடவை அழுத்துங்கள்.

ஒன்றுமே தெரியவில்லை என்றால் எழுதுங்கள், அது வேறு கதை.


குறிச்சி டெபியன்
சனி, காலை 11:25

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணாச்சி. நான் கெர்னல் பதிவைத் தோண்டச் சொல்லலாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன், அழித்துவிட்டேன்.

அக்கா, அவர் சொல்வதைச் செய்யுங்கள். முன்பு அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இப்போது டிரைவர் உள்ளே இருக்கிறது, வேலை செய்யும்.


சேர்மாதேவி அச்சுக்கடை
சனி, மாலை 4:30

தெரிந்தது! கடை விளக்கை அணைத்ததும் கமிட்டிக்காரர்கள் கரண்ட் போய்விட்டது என்று வெளியே எழுந்து போனார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தால், கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி ஐகான்கள். பொத்தானை அழுத்தினேன். மூன்றாவது அழுத்தில் திரை வந்துவிட்டது. வெளிச்சம் பூஜ்யத்தில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக ஒரு வருஷம் கைவிலங்கு போட்டுவிட்டேன் அந்த மெஷினுக்கு.

அப்புறம் டிவி கேபிளைச் செருகினேன். கேட்கவே இல்லை, படம் வந்து நின்றது. பழைய கேபிளையும் எடுத்துச் செருகிப் பார்த்தேன். அதிலும் வருகிறது. 280 ரூபாய்.

ஜன்னல் இழுத்தால் கையோடு வருகிறது. ஃபேன் நின்றே போய்விட்டது, அணைந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். ரெண்டரருக்கு எதிரே இப்போது மெசா இன்டெல் ஹெச்டி கிராபிக்ஸ் 4400 என்று வருகிறது. டிரைவர் ஐ915.

இரண்டு கேள்வி பாக்கி. நிரந்தரமாக எடுக்க எந்தக் கோப்பு? அக்கா மகன் சொல்லி எழுதினோம், இடம் மறந்துவிட்டது. அப்புறம், இன்க்ஸ்கேப் நன்றாகத் தேறிவிட்டது, ஆனால் நோட்டீஸின் முதல் பக்கத்தில் மட்டும் இன்னும் திணறுகிறது. சாமி படத்தைச் சுற்றி ஒளிவட்டம், பூ வளையத்துக்கு நிழல் என்று போட்டிருக்கிறேன். அதுவும் கிராபிக்ஸ் டிரைவர் கோளாறா?


குறிச்சி டெபியன்
சனி, மாலை 6:00

கோப்பு ஈடிசிக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப். டெர்மினலில் சுடோ, நானோ, அப்புறம் கோப்பின் முழுப் பாதை. கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அடித்துக்கொண்டே போங்கள். சமக்குறிக்கு முன்னால் லினக்ஸ் டிஃபால்ட் என்று இருக்கிற வரியில் மேற்கோள் குறிக்குள் மூன்று சொல் இருக்கும். நோமோட்செட்டை மட்டும் அழியுங்கள், மேற்கோள் குறியைத் தொடாதீர்கள். கண்ட்ரோல் ஓ, எண்டர், கண்ட்ரோல் எக்ஸ். வெளியே வந்து சுடோ அப்டேட் ஹைஃபன் கிரப். இந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் திருத்தினது திருத்தினபடியே கிடக்கும், மெஷின் பழைய வரியையே வாசிக்கும். வெளிச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் வைத்த அளவை அணைக்கும்போது குறித்துவைத்து, ஏற்றும்போது அதே அளவுக்குக் கொண்டுவரும்.

நிழலும் ஒளிவட்டமும் டிரைவர் கோளாறு இல்லை. இன்க்ஸ்கேப் தன் படத்தைப் பெரும்பாலும் சிபியுவிலேயே வரைகிறது. இதுவரை அதே சிபியுவைச் சினமனும் பிடுங்கிக்கொண்டிருந்தது, இப்போது விட்டுவிட்டது, அதனால்தான் தேறியது. ஆனால் மங்கல் விளிம்பு போட்ட ஒவ்வொரு பூவையும் நீங்கள் உருட்டும்போதெல்லாம் அது திரும்பக் கணக்குப் போட வேண்டும். பார்வை மெனுவில் காட்சி முறை என்று இருக்கும், அதில் வடிகட்டிகள் இல்லாமல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் சரிபார்க்கும்போது வெறும் கோடாகப் பார்த்தால் இன்னும் வேகம். கோப்பில் ஒன்றும் மாறாது, பிடிஎஃப் ஆக்கும்போது நிழல் எல்லாம் வரும்.

மகன் யூடியூப் பார்ப்பானானால் ஒரு செய்தி. இந்தச் சிப் 2013 வாக்கில் வந்த ஹாஸ்வெல் வகை. ஹெச்.264 என்ற பழைய வகை வீடியோவைச் சிப்பே பிரித்துக் காட்டும். யூடியூப் விரும்பி அனுப்புகிற விபி9 என்ற வகையை அப்படிச் செய்யாது, சுமை சிபியு தலையில் விழும். பயர்ஃபாக்ஸில் ஹெச்264இஃபை என்ற நீட்சியைப் போட்டால் யூடியூப் பழைய வகையையே அனுப்பும்.

இன்னும் வேகம் வேண்டும் என்று பழைய பதிவுகளைத் தேடிப் போகாதீர்கள். திரையை நடத்துகிற எக்ஸ்ஆர்க் மென்பொருளின் கோப்புறையில் இன்டெல் என்று ஒரு கோப்பு எழுதிப் போடு என்பார்கள். ஒரு காலத்தில் தேவைப்பட்டது. இன்றைக்கு அதைப் போட்டால் பராமரிப்பு இல்லாத பழைய டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெசாவிலேயே பழைய ஐ965 டிரைவரை 2022-இல் 22.0 பதிப்போடு எடுத்துவிட்டார்கள், உங்கள் சிப்பை இப்போது பார்த்துக்கொள்வது குரோக்கஸ் என்ற புது டிரைவர். அதற்கு முந்தைய டிரைவர் யோசனைகள் பலவும் உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது.


அம்பை டூ பெங்களூர்
சனி, இரவு 8:15

அக்கா, அண்ணாச்சி என்றதற்கு மன்னிக்கவும். ஆனாலும் ராம் போடுங்கள்.


சேர்மாதேவி அச்சுக்கடை
ஞாயிறு, இரவு 10:20

கோப்பைத் திருத்தியாயிற்று. நாலு தடவை அணைத்து ஏற்றிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டே. தேவைப்படவில்லை. ராம், கொடைப் பணம் வந்ததும் போடுகிறேன் தம்பி.

வண்ணார்பேட்டை அண்ணாச்சிக்கும் குறிச்சிக்காரருக்கும் நன்றி. குறிச்சியில் இருந்து இரண்டு ஸ்டேஷன் தாண்டினால் என் கடை. ரயிலில் இந்தப் பக்கம் வந்தால் இறங்குங்கள், டீ உண்டு.

நோட்டீஸ் இன்னும் பிரஸ்ஸுக்குப் போகவில்லை. இன்று சாயங்காலம் டிவியில் போட்டுக் காட்டினேன். ஐந்து பேரும் நாற்காலியில் உட்கார்ந்து, வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து, பெரிய எழுத்தில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தபோது யாருக்கும் தெரியாத ஒன்று டிவியில் தெரிந்துவிட்டது. 87-ஆவது பெயரும் 112-ஆவது பெயரும் ஒரே ஆள். ஆக வரிதாரர் 163. இப்போது அந்த ஆள் எந்த இடத்தில் நிற்பது என்று வெளியே படிக்கட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் கடையைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன்.